செவில்லில் சைவப் பெற்றோருடன் தபாஸ்: முட்டையும் வேண்டாம் என்றால்?

நண்பரே, ஸ்பெயினின் செவில் நகரில் தபாஸ் என்னும் சிறு தட்டு உணவுகளைச் சாப்பிடப் போனபோது, இரவு ஏழு மணிக்குச் சமையலறை திறந்திருக்கவில்லை, முட்டையும் உண்ணாத அம்மாவுக்கு ரொட்டிதான் கிடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

அங்கே இரவுச் சமையல் பெரும்பாலும் எட்டரைக்குப் பிறகுதான் தொடங்கும். பெரியவர்களால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால், மதியம் இரண்டு மணிக்கு நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு, இரவை எளிதாக முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்' கேளுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டும் சீரகமும் சேர்த்துச் செய்வது. செவில்லின் சொந்த உணவு. அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும் என்று நம்புகிறேன். சல்மொரேஹோ என்னும் குளிர்ந்த தக்காளிச் சாறும் நல்லது. ஆனால் அதன்மேல் முட்டையும் ஹாம் என்னும் பன்றி இறைச்சியும் தூவுவார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு ஆம்லெட் முட்டையால் ஆனது. 'என்சலாடியா ருசா' உருளைக்கிழங்கு சாலட் போலத் தெரியும். பெரும்பாலும் சூரை மீன் இருக்கும்.

"சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஹாமையும் மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பரிமாறுபவர்கள் உண்டு. "சின் ஹமோன், சின் அத்தூன், சின் உஎவோ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ஹாம், சூரை, முட்டை இல்லாமல்.

அடுத்து கிரனாடா நகருக்குப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே பானத்துடன் இலவசமாக ஒரு தபா வரும், அது பெரும்பாலும் அசைவம். பானம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலைத் தனியாக வாங்குங்கள். மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.