கீமோதெரபி நடக்கும்போது சத்தாகச் சாப்பிட வைப்பது எப்படி?

உங்கள் வீட்டில் யாருக்கோ சிகிச்சை தொடங்கியிருக்கிறது, ஆளாளுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறார்கள், எதைக் கேட்பதென்று தெரியாமல் இங்கே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு கீமோ எடுத்தவள், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இந்தச் சமயத்தில் எடை குறையாமல், தசை கரையாமல் அடுத்த சைக்கிள், அதாவது அடுத்த சுற்று மருந்து, வரை போய்ச் சேருவதுதான் முக்கியம். உடம்பு ரொம்ப இளைத்துவிட்டால் மருந்தைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டி வரலாம். புரதம் ஒரு நாளைக்கு, கிலோ எடைக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை வேண்டும் என்பார்கள். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 கிராம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் இந்தக் கணக்கே வேறு, டாக்டரைத்தான் கேட்க வேண்டும். வாயெல்லாம் புண்ணாக இருக்கும்போது இதை மூன்று வேளையில் அடைக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை, தயிர், பருப்பு என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள்.

என் நாத்தனார் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி என்று சொல்லி, எனக்குப் பிடித்த பழங்களைக்கூட நிறுத்த வைத்தார். ஏற்கெனவே ஒன்றும் பிடிக்காமல் கிடந்தவள் நான், இருந்த ஒன்றும் போயிற்று. உணவியல் நிபுணர்தான் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: உடம்பின் எல்லாச் செல்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும், நாம் சாப்பிடாவிட்டாலும் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பட்டினி கிடப்பது கட்டி இல்லை, நீங்கள்தான். சர்க்கரை நோயாளிகளும், வாந்திக்காக ஸ்டீராய்டு எடுப்பவர்களும் அளவு பார்க்க வேண்டும், அதை மறுக்கவில்லை. இயற்கை உணவுக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், காய்கறி வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

இன்னொன்று, மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குமட்டலுக்குக் குளிர்ந்த உணவு நல்லது, வாசனை எழும்பாது என்று எல்லாரும் சொல்வார்கள், பலருக்கு அது உண்மைதான். ஆனால் எனக்குக் கொடுத்தது ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து, அதை எடுக்கும்போது குளிர்ச்சியே ஆகாது. ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும் போலிருக்கும், பாட்டிலைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்தும். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவருக்கு ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்து ஏற்றும் நாளில் ரொம்பப் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள், அந்தக் குமட்டலோடு சேர்ந்து அது பிறகு வெறுத்துப்போகும். நோய்த்தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் வேகாத முட்டை, அரைவேக்காட்டு இறைச்சி, காய்ச்சாத பால் கூடவே கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இத்தனை வீடியோ அனுப்பிய சொந்தக்காரர்களில் ஒருவர்கூட மருந்து ஏறும் நாளில் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. பார்க்க வந்தவர்களும் தட்டைப் பார்த்து, "இவ்வளவுதானா சாப்பிடுகிறாய்" என்றுதான் கேட்டார்கள், அதிலும் ஒருவர் இருமிக்கொண்டே வந்தார். பிள்ளைகளை ஒரு ராத்திரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

சரி, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சிலது கீமோ மருந்தின் வேலையையே கெடுக்கும்.