மகள் கேட்கும் இசைச் சாமான்கள்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. "ஏ.எல். எழுதிப்போட்டு, கொம்பியூட்டரில மியூசிக் செய்யப் போறன் எண்டு நிக்கிறாள், உது ஒரு தொழிலோ?" என்பது ஒன்று. "இவ்வளவு சாமானும் வாங்கத்தான் வேணுமோ?" என்பது மற்றது. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: வேண்டாம். அவள் எழுதித் தந்த ஒன்பதில் இப்போதைக்கு மூன்று போதும்: லப்டொப், ஹெட்போன், சின்ன மிடி கீபோர்ட் (கணினிக்குள் இருக்கும் ஒலிகளை வாசிக்க உதவும் விசைப்பலகை).

தொழில் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நித்திரை வராதது அதனால்தானே. பாட்டை இணையத்தில் ஏற்றினால் காசு வரும் என்று மகள் நம்பினால், ஒரு கணக்கைக் காட்டுங்கள். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குரிய பங்கே கணக்கில் சேரும். தொடக்கத்தில் அது வருமானம் அல்ல. ஆனால் ஒலியோடு வேலை செய்யத் தெரிந்தவருக்கு யாழ்ப்பாணத்திலேயே வேலை இருக்கிறது: குறும்படத்துக்குப் பின்னணி இசை, கோயில் திருவிழாவுக்கு வெளியிடும் பக்திப் பாட்டுகளின் ஒலிப்பதிவு, வானொலி விளம்பரம், கலியாண வீடியோவின் ஒலி, மேடை நிகழ்ச்சிகளில் மிக்சர் பார்ப்பது. இவையெல்லாம் மாதச் சம்பளமில்லை, வேலை வரும்போது வரும் காசு. அதனால் கையில் ஒரு தகைமையும் இருப்பது நல்லது.

மகள் ஏ.எல். இல் கர்நாடக சங்கீதம் எடுத்திருக்கிறாள், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளிலும் தரம் தரமாக ஏறி வந்திருக்கிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைப் பட்டப்படிப்பு மருதனார்மடத்தில்தான். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. இந்தப் படிப்புகளுக்கு இசட் புள்ளி மட்டும் காணாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குச் சாதகம் விடாமல் இருக்க வேண்டும். லப்டொப் வந்ததும் வயலின் பெட்டிக்குள் போய்விடும் என்ற உங்கள் பயம் நியாயமானது, அதை மகளிடம் நேராகவே சொல்லுங்கள். தனியார் நிறுவனம் ஒன்றில் ஒலிப்பொறியியல் படிக்க விரும்பினால், காசு கட்டுமுன் அந்தக் கற்கைநெறி மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் தொங்கும் வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இனிச் சாமான்கள்.

லப்டொப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 16 ஜி.பி. நினைவகம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஓரளவு புதிய புரொசெசர். இதற்குக் குறைந்தால் பாட்டில் பத்துப் பதினைந்து தடங்கள் (ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் வரிசைகள்) சேரும்போது சத்தம் விக்கத் தொடங்கலாம். மேசைக் கணினி அதே விலைக்குக் கூடுதல் பலம் தரும் என்பது உண்மை. ஆனாலும் கரண்ட் போகும் ஊரில் பற்றரி உள்ள இயந்திரத்துக்குத்தான் என் வாக்கு. மக் வேண்டுமென்று அடம்பிடித்தால், ஏன் என்று கேளுங்கள். லொஜிக் என்ற ஒரு மென்பொருள்தான் வின்டோஸில் ஓடாது. அவள் கேட்கும் மற்றவை எல்லாம் வின்டோஸிலும் ஓடும்.

பாட்டைப் பதிந்து கோர்க்கும் மென்பொருளில் மகள் ஏபிள்டன் லைவின் ஆக விலை கூடிய பதிப்பைக் கேட்டிருக்கிறாள். அதன் லைட் பதிப்பு பல மிடி கீபோர்ட்டுகளோடும் ஓடியோ இன்டர்பேஸ்களோடும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிகள்) இலவசமாகவே வருகிறது. எட்டுத் தடம்தான் கிடைக்கும், ஆனால் முதல் ஐந்தாறு பாட்டுக்கு எட்டுத் தடம் தாராளம். எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இன்னொரு மென்பொருளைக் காசு கொடுக்காமல் எத்தனை நாளும் பழகிப் பார்க்கலாம். செய்ததைச் சேமிக்கவும் முடியும், வாங்கும் வரை திரும்பத் திறக்கத்தான் முடியாது. ஒருமுறை வாங்கினால் பிறகு வரும் புதிய பதிப்புகளும் இலவசம். ஒன்றில் மட்டும் கவனம்: அதன் ஆகக் குறைந்த பதிப்பான ஃபுரூட்டியில் குரலோ வயலினோ பதிய முடியாது. பாடுகிற பிள்ளைக்கு அதற்கு அடுத்த புரொடியூசர் பதிப்பு தேவை. ரீப்பர் என்ற மூன்றாவது மென்பொருள் காசு கட்டாமலே 60 நாள் முழுதாக இயங்கும், தனியாளுக்கு உரிமம் 60 டொலர். அதோடு வாத்திய ஒலிகள் அதிகம் வராது. அந்தக் குறையைச் சேர்ஜ் எக்ஸ்.ரி., வைட்டல் போன்ற இலவச மென்பொருள் சின்த்கள் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்குபவை) நிரப்பிவிடும்.

எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், அவளோடு இசை செய்யும் இரண்டு மூன்று பிள்ளைகள் எதைப் பாவிக்கிறார்களோ அது. இரவு பத்து மணிக்கு "இது ஏன் கேட்குதில்லை?" என்று கேட்க பக்கத்துத் தெருவில் ஒருவர் இருப்பது எந்த வசதியையும் விடப் பெரிது. அப்படி யாருமில்லையென்றால், குரலும் வயலினும் பதியப் போகிறவளுக்கு ரீப்பர் என்பேன். தேர்ந்தபின் ஒரு வருடமாவது மாற்றக் கூடாது. மாதத்துக்கொரு குருவிடம் போகும் பிள்ளைக்கு வர்ணம்கூடப் பாடமாகாது.

ஊரில் யாராவது சின்னக் காசுக்கு "எல்லா சொப்ட்வெயரும்" ஏற்றித் தருவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். களவுப் பிரதியோடு வைரசும் வரும், பாதிப் பாட்டில் நின்றும்போகும். நாளைக்கு ஒரு விளம்பரத்துக்கு இசை செய்து காசு வாங்கும்போது அது சட்டப் பிரச்சினையும்கூட. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. அவள் இசைக்கும் அதே சட்டம்தான் காவல்.

ஹெட்போனைக் காதை முழுதாக மூடும், கம்பி உள்ள ரகமாகப் பாருங்கள். புளூடூத் வேண்டாம், விசையை அழுத்தியபின் சத்தம் பிந்தி வரும். மிடி கீபோர்ட் 25 விசையுள்ளதே போதும். அதற்குள் சொந்தமாக ஒலி எதுவும் இல்லை என்பதை வாங்குமுன் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் "பழுதான சாமானைத் தந்துவிட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்!

ஓடியோ இன்டர்பேஸும் மைக்கும் அடுத்த கட்டம். மகள் பாடும்போது தன் குரல் ஹெட்போனில் பிந்திக் கேட்பதாகச் சொல்வாள் பாருங்கள், அப்போதுதான் வாங்க வேண்டும். செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரி என்ற வேகத்தில், பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 இல் வைத்தால் அதனால் மட்டும் 23 மில்லிசெக்கன் தாமதம், 128 இல் வைத்தால் 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. நல்ல இன்டர்பேஸும் அதற்குரிய ஏசியோ டிரைவரும் (வின்டோஸில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) இருந்தால் அந்தச் சிறிய எண்ணில் விக்காமல் ஓடும். மைக் வாங்கினாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும். பக்கத்துக் கோயிலில் கொடியேறினால் பத்து நாளைக்கு ஒலிப்பதிவை மறந்துவிடலாம்.

ஸ்டூடியோ ஸ்பீக்கர் இப்போது வேண்டவே வேண்டாம். எங்கள் வீடுகளின் சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அந்த அறையில் எவ்வளவு விலையான ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும். மெத்தை, திரைச்சீலை, உடுப்பு நிறைந்த அலுமாரி உள்ள அறை கிடைத்தபின் யோசிக்கலாம்.

மீதி இரண்டும், தாளம் வாசிக்கும் டிரம் மெசினும் ரி.பி.-303 போன்ற, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் பெட்டியும், ஆசைப் பொருட்கள். ஆசையை நான் குறை சொல்லவில்லை. 303ஐ ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1981 இல் கிற்றார் வாசிப்பவர்களுக்குப் பக்கவாத்தியமாகச் செய்தது. விலைபோகாமல் 1984 இல் நிறுத்திவிட்டது. பழைய சாமானாக மலிவாய் வாங்கிய சிக்காகோ இளைஞர்கள் அதிலிருந்துதான் அசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை உண்டாக்கினார்கள். அதற்கும் முன், 1982 இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் அதே 303ஐயும் 808 டிரம் மெசினையும் ஜுப்பிட்டர்-8 சின்தையும் வைத்து இராகங்களை நடன இசையாகப் பதிந்திருந்தார். மகளிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோசப்படுவாள். அந்தப் பெட்டிகளின் ஒலி இன்று மென்பொருளாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவள் கற்ற சங்கீதம் இங்கே வீண்போகாது. விசைப்பலகையின் 12 சுரங்களுக்குள் தோடியின் காந்தாரம் அடங்காது. கீபோர்ட்டில் சுரத்தை வளைக்கும் சக்கரமான பிட்ச் வீலை உருட்டிக் கமகம் செய்யப் பார்ப்பதைவிட, வயலினில் வாசித்துப் பதிந்து அதை வெட்டி ஒட்டுவதே நன்றாக வரும். மென்பொருள் திறக்கும்போது நாலு நாலாக எண்ணும் கட்டம்தான் இருக்கும், மிஸ்ர சாபுக்கு ஏழாக மாற்றுவது ஒரு நிமிட வேலை. அவளைப் போன்ற பிள்ளைக்கு ஏழில் யோசிப்பது இயல்பு, மற்றவர்களுக்கு அது பாடுபட்டுப் பழக வேண்டியது.

லப்டொப் சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஹெட்போனில் ஊளைச் சத்தம் கேட்டால் சாமானைக் குறை சொல்லுமுன் மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கனடாவிலிருக்கும் உங்கள் தம்பி எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஹெட்போனையும், யூ.எஸ்.பி. இலேயே மின் எடுக்கும் கீபோர்ட்டையும் அனுப்பட்டும், ஒரு குறையும் வராது. லப்டொப்பை இங்கேயே வாங்குங்கள், பழுதானால் உத்தரவாதத்தோடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கடை வேண்டும். சுவரில் செருகும் எதையும் அவர் வாங்குமுன் பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. "100–240" என்று இருந்தால் எடுக்கலாம். 120 மட்டும் இருந்தால், இங்கே செருகிய நிமிடத்திலேயே எரிந்துபோகும்.