காருக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ரொறன்ரோ போகிறோம். அங்கே பழைய கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், அண்ணா?
- வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, முதலில் காருக்கு அடியில் பாருங்கள். நம் திருகோணமலையில் கடற்காற்று இரும்பைத் தின்னும். அங்கே குளிர்காலத்தில் பனி உருக வீதிக்குப் போடும் உப்பு இன்னும் கெதியாகத் தின்னும். ஸ்காபரோவில் நான் வாங்கிய முதல் காரின் அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பூச்சில் பளபளத்தது. நம்பிவிட்டேன். பிறகு ஒருநாள் கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினேன், தகடு அப்பளம் போல நொறுங்கியது. புதுப் பூச்சைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

தனியாரிடம் வாங்கினால், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் விற்பவர்தான் வாகனத் தகவல் பொதியை, அதாவது காரின் பழைய சொந்தக்காரர், கடன் விபரம் உள்ள அரசாங்க ஆவணத்தை, தர வேண்டும். அதில் கடன் பாக்கி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடன் காரோடு உங்களிடம் வந்துவிடும். கார் ஓடத் தகுதியானது என்று கராஜ் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், அது உத்தரவாதம் அல்ல. விற்பவர் சொல்லும் கராஜ் வேண்டாம், நீங்களே ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கொரோலா, சிவிக் இரண்டும் நல்லவை. அப்புறம், விலை பேசுமுன் காப்புறுதிக்கு எவ்வளவு என்று கேளுங்கள்; புதிதாக வருபவருக்கு அது நன்றாகக் கடிக்கும்.