"பட்டன் அமத்துகிற வேலைதானே?" என்று கேட்ட அம்மாவுக்கு

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகளுக்கு மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) காணாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எடுக்கிற ரேடியோகிராஃபிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "கொழுந்தெடுத்த காசில் ஹட்டனுக்கு டியூஷன் அனுப்பியது ஸ்கேன் மெஷின் பட்டனை அமத்தவா?" என்று கேட்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வேலையை நீங்கள் போட்ட எடை பிழை.

உங்கள் மாமனாருக்குப் பாரிசவாதம் வந்த நாளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாய் கோணி, வலது கை விழுந்து, தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். (இனி யாருக்கும் அப்படி வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், காசில்லை.) அன்று டொக்டர் ஊசியைத் தொடாமல் தலையின் சி.டி. ஸ்கேன் படத்துக்குக் காத்திருந்தார் என்று குறைப்பட்டீர்கள். அவர் காத்திருந்ததுதான் சரி. மூளையில் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைத்தாலும், வெடித்து இரத்தம் கசிந்தாலும் வெளியே ஒரே கோணல் வாய்தான். கட்டியைக் கரைக்கிற மருந்தைக் கசிவுக்காரருக்குப் போட்டால் ஆளே போய்விடலாம். படத்தில் புதுக் கசிவு வெள்ளையாகத் தெரிந்துவிடும். கசிவு இல்லையென்றால், பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் அந்த மருந்தைக் கொடுக்கப் பார்ப்பார்கள்.

படம் இன்னும் சொல்லும். மெல்லிய துண்டுகளாக எடுத்தால், அடைத்த கட்டியே சில வேளை வெள்ளைக் கோடாகத் தெரியும். சிவப்பணு நெருங்கிய கட்டி கூடுதல் வெள்ளை, ஊசி மருந்துக்கு ஓரளவு இளகும். ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்) கூடியது மங்கல், பிடிவாதமும் கூட. நீளமும் முக்கியம்: 8 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஊசி மருந்து மட்டும் கரைப்பது அரிது என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய குழாயில் அடைப்பென்றால் தொடை வழியாகக் கதீற்றர் என்ற மெல்லிய வயர் போன்ற குழலை விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை இருக்கிறது. 2015இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு அது உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இதைத் தீர்மானிப்பது டொக்டர்மார். ஆனால் படம் மகளின் கையில். பாரிசவாதக்காரர் சொன்ன பேச்சுக் கேட்டு அசையாமல் படுப்பாரா? தலை கொஞ்சம் திரும்பினாலே படம் கலங்கும், எட்டு மில்லிமீற்றர் எங்கே தெரியப்போகிறது? குழாய்களைக் காட்ட அயடீன் மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றும்போது, அது கழுத்து நாடிக்கு வந்து சேரும் கணத்தைப் பிடித்து ஸ்கேனை ஓடவிட வேண்டும். சில செக்கன் முந்தினாலும் பிந்தினாலும் படம் ஏமாற்றும். லயத்துத் தாத்தாவிடம் தமிழிலேயே "ஆடாம படுங்க அப்பா" என்று சொல்ல ஒருத்தி அங்கே இருந்தால் எவ்வளவு நல்லது என்று நான் பல தரம் யோசித்ததுண்டு.

கதிர்வீச்சுப் பயம் எழுதியிருந்தீர்கள். ஸ்கேன் ஓடும்போது அவள் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பாள். சட்டையில் குத்தும் சின்ன பட்டை அவள் வாங்கிய அளவைப் பதியும், அதை ஒழுங்காகச் சோதிப்பார்கள்.

இனி விண்ணப்பம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராஃபி நாலு வருடப் பட்டம், உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். சுகாதார அமைச்சும் வர்த்தமானியில் அறிவித்துப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதுண்டு, அதையும் பார்த்து வையுங்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், அதுதான் எனக்குள்ள ஒரே கவலை. பெறுபேறு வந்த இந்த இடைவெளியில் அவள் ஆங்கிலத்தைப் பிடிக்கட்டும்.

சனிக்கிழமை பெறுபேற்றுத் தாளோடு மகளையும் கூட்டி வாருங்கள். விருப்ப வரிசையில் எதை முதலில் போடுவது என்று அவளிடமே கேட்டு எழுதுவோம்.