ஹவாய் தீவுகளுக்கு நடுவே ஏன் பாலம் இல்லை?

வணக்கம் ஐயா,

ஹொனலுலுவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். பக்கத்துத் தீவான மௌயிக்குப் போவதென்றாலும் விமானம்தான் என்றாள். பாம்பனில் 1914-லேயே கடலுக்கு மேல் ரயில் ஓடியிருக்கிறது. சீனாவில் 55 கிலோமீட்டருக்குக் கடல் பாலம் போட்டுவிட்டார்கள். ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவிலிருந்து மொலோகாய் தீவு 42 கிலோமீட்டர்தான் என்று படித்தேன். அமெரிக்காவிடம் இல்லாத பணமா? மனம் வைத்தால் கட்ட முடியாதா? அடுத்த முறை லானாய் தீவையும் பார்க்க ஆசை. அதற்கும் விமானம்தானா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

42 கிலோமீட்டர் என்பது சரியான கணக்குதான். ஆனால் கடலில் பாலம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது ஆழம் எவ்வளவு என்று. பாம்பனில் கடல் சில மீட்டர் ஆழம்தான். நீங்கள் சொல்லும் சீனப் பாலம், ஹாங்காங்கையும் ஜுஹாயையும் மக்காவையும் இணைப்பது, முத்து ஆற்றின் கழிமுகத்தில் நிற்கிறது. அங்கேயும் ஆழம் குறைவு. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு 1997-ல் திறந்த 12.9 கிலோமீட்டர் பாலமும் இதே வகைதான். இவையெல்லாம் கண்டத்தின் விளிம்பில், தாழ்ந்த நிலத்தின் மேல் கடல் ஏறிக் கிடக்கும் இடங்கள்.

ஹவாய் வேறு. பசிபிக்கின் நடுவே, கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக எழுப்பிய மலைகளின் உச்சிகள் அவை. அவற்றில் ஒன்றான மௌனா கேயா மலையைக் கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள். ஆகவே ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் நடுவே இருப்பது பள்ளத்தாக்கு. ஓவாஹுவுக்கும் மொலோகாய்க்கும் இடையிலுள்ள கய்வி நீரிணை சுமார் 700 மீட்டர் வரை இறங்குகிறது. ஓவாஹுவிலிருந்து கவாய் தீவுக்குப் போகும் வழியில் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல்.

கிரேக்க நாட்டில் 2004-ல் திறந்த ரியோன்–ஆன்டிரியோன் பாலத்தின் தூண்கள் 65 மீட்டர் ஆழத் தண்ணீரில் நிற்கின்றன. பொறியியல் உலகம் அதையே பெரிய சாதனையாகக் கொண்டாடுகிறது. சரி, தூண்களைக் குறைத்து நீளமான தொங்குபாலமாகக் கட்டலாமே என்று கேட்பீர்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அதிகபட்சம் எட்டியிருக்கும் தூரம் துருக்கியின் சனாக்கலே பாலத்தில் 2,023 மீட்டர், 2022-ல் திறந்தார்கள். அந்த அளவில் 42 கிலோமீட்டருக்கு இருபது முறை அடுத்தடுத்துக் கட்ட வேண்டும். ஆழமான இடத்தில் நிற்கும் கோபுரம் தண்ணீருக்குள் 700 மீட்டர், மேலே இன்னும் 300 மீட்டர். துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர்தான். அதைவிட உயரமான கோபுரத்தை அலையும் நிலநடுக்கமும் உள்ள கடலில் நிறுத்த வேண்டும்.

மிதக்கும் பாலம் என்று ஒன்று இருக்கிறது. நார்வேயில் பெர்கனுக்கு அருகே 1994 முதல் நன்றாகவே இயங்குகிறது; மிதக்கும் பகுதி மட்டும் 1,200 மீட்டருக்கு மேல். ஆனால் அது மலைகள் சூழ்ந்த கடல் கழி, அலை அடங்கிய இடம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹூட் கால்வாய் மிதவைப் பாலத்தின் மேற்குப் பாதி 1979 பிப்ரவரியில் ஒரே புயலில் மூழ்கிப்போனது. அதுவும் ஒதுக்கமான உள்கடல்தான். ஹவாயின் நீரிணைகளிலோ வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று இரு மலைகளுக்கு நடுவே நெருங்கி வேகமெடுக்கிறது. குளிர்காலத்தில் வட பசிபிக்கின் பேரலைகளும் வந்து சேரும்.

முடியக்கூடிய இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. மௌயிக்கும் லானாய்க்கும் நடுவே சுமார் 14 கிலோமீட்டர். ஆழம் 100 மீட்டருக்குள். பனியுகத்தில் இவ்விரண்டும் மொலோகாயோடு சேர்ந்து ஒரே தீவாக இருந்தன. அங்கே பெரும் செலவு செய்தால் கட்டலாம். ஆனால் லானாயில் வசிப்பவர்கள் சுமார் 3,000 பேர். ஓவாஹுவில் மலையைக் குடைந்து 1997-ல் முடித்த எச்-3 நெடுஞ்சாலைக்கே, 26 கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 130 கோடி டாலர் ஆனது, அதுவும் தரையில். அப்புறம், குளிர்காலத்தில் அலாஸ்காவிலிருந்து வரும் கூனல் திமிங்கிலங்கள் குட்டி போடுவதும் வளர்ப்பதும் இந்த ஆழமில்லாத நீரில்தான். அங்கே தூண் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எனக்கு உண்மையில் மனம் வலிப்பது படகு விஷயத்தில். தீவுகளுக்கு நடுவே காரோடு ஏறிப் போகும் பெரிய கப்பல் சேவை 2007-ல் ஆரம்பித்தது. சுற்றுச்சூழல் ஆய்வை முறையாகச் செய்யாமல் அவசரப்பட்டார்கள். கவாய் மக்கள் அலைப்பலகைகளோடு கடலில் இறங்கி மறித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2009-ல் நின்றுபோனது. மக்கள் கேட்டது நியாயம். ஆனால் ஆய்வை ஒழுங்காக முடித்துச் சிறிய அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கலாம். மொலோகாய்–மௌயி படகும் 2016-ல் நின்றுவிட்டது. பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் மொலோகாய்க்காரர் சிறு விமானத்தைத்தான் நம்ப வேண்டும். அரசு மானியம் கொடுத்தாவது ஓட வேண்டியது அந்தப் படகு.

லானாய்க்கு விமானம் கட்டாயம் இல்லை. மௌயியிலிருந்து பயணிகள் படகு இருக்கிறது. முன்பு லஹைனாவிலிருந்து புறப்பட்டது. 2023 தீ விபத்துக்குப் பின் மாலாயியா துறைமுகத்துக்கு மாறியது. போகும் முன் மகளை ஒருமுறை நேரம் விசாரிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போனால் திமிங்கிலங்களையும் பார்க்கலாம்.