வீட்டில் டிரை ஃபயர் பயிற்சிக்கு எலக்ட்ரானிக் டைமர் உதவுமா? எப்படிப் பயன்படுத்துவது?

நீங்கள் 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் ரேஞ்சுக்கு, அதாவது சுடுதளத்துக்குப் போக முடிகிறது, மற்ற நாட்களில் வீட்டில் ஏர் பிஸ்டலை வைத்து டிரை ஃபயர், அதாவது குண்டு போடாமல் டிரிக்கரை மட்டும் அழுத்தும் பயிற்சி செய்கிறீர்கள். நிதானமாகச் சுடும் பிரிசிஷன் சுற்று நன்றாக வருகிறது, நொடிக்கணக்கில் சுட வேண்டிய ரேபிட் சுற்றில் மட்டும் மதிப்பெண் சரிகிறது, டைமர் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே போட்டிதான் சுடுகிறேன், அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள். டைமர் உதவும். ஆனால் அதை வைத்துப் பழகிய முதல் மூன்று மாதம் எனக்கு அது கெடுதல்தான் செய்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. பயிற்சி செய்யும் அறையில் ஏர் பிஸ்டலில் போடும் குண்டு, அதாவது பெல்லட், ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் டப்பாவைப் பூட்டி வேறு அறையில் வைத்துவிட்டு வந்துதான் பிஸ்டல் பெட்டியைத் திறப்பேன். திறந்ததும் உள்ளே காலியா என்று கண்ணால் ஒருமுறை பார்ப்பேன், அப்புறம் விரலாலும் தொட்டுப் பார்ப்பேன். இலக்கு மாட்டும் சுவருக்குப் பின்னால் ஆள் புழங்கும் அறை இருக்கக் கூடாது. போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் டிரை ஃபயர் வசதி இருக்கும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 25 மீட்டருக்கான .22 பிஸ்டலில் செய்வதாக இருந்தால், தோட்டா உட்காரும் சேம்பர் வெறுமையாக இருக்கும்போது டிரிக்கரை அழுத்தாதீர்கள். தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் போய் சேம்பரின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும். சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூட்டையோ, அதற்கென்றே வரும் பிளாஸ்டிக் அடைப்பையோ போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, டைமருக்கு வருவோம். ரேபிட் சுற்றின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அட்டென்ஷன் சொன்னதும் சிவப்பு விளக்கு, 7 நொடி காத்திருப்பு, பச்சை விளக்கு 3 நொடி, அதற்குள் ஒரே ஒரு குண்டு. இப்படி ஐந்து முறை சேர்ந்தால் ஒரு சீரிஸ். கை 45 டிகிரிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், பச்சை வந்த பிறகுதான் தூக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை மனு பாக்கர் இந்தப் போட்டியின் ஃபைனலில் நான்காவது இடத்தில் நின்றது வெண்கலத்துக்கான ஷூட் ஆஃபில், அதாவது சமநிலையை முறிக்கச் சுடும் கூடுதல் சீரிஸில். அந்த ஷூட் ஆஃபும் இதே 3 நொடிக் குண்டுகள்தான். அதனால் இந்த 3 நொடியைத் தனியாக எடுத்துப் பழகுவதில் தவறே இல்லை.

டைமர் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஷாட் டைமர். அமெரிக்காவில் ஐபிஎஸ்சி வகைப் போட்டி, அதாவது இடம் மாறி மாறி வேகமாகச் சுடும் போட்டி, சுடுபவர்கள் இடுப்பில் மாட்டியிருப்பார்களே, அந்தப் பெட்டி. பீப் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மைக்கால் வெடிச் சத்தத்தைக் கேட்டு, எத்தனையாவது நொடியில் சுட்டீர்கள் என்று காட்டும். தோழி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததை இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஏர் பிஸ்டலின் டிரை கிளிக் அதன் காதில் விழவே இல்லை. உணர்திறனைக் கூட்டினால் கிளிக்கைப் பிடித்தது, கூடவே சமையலறையில் கரண்டி விழுந்ததையும் பிடித்தது. எந்த எண் என்னுடையது என்று தெரியவில்லை. அந்தப் பெட்டியில் நமக்குப் பயன்படுவது பார் டைம் என்ற ஒரே வசதிதான். ஒரு பீப்பில் தொடக்கம், நாம் வைத்த நேரம் கழித்து இன்னொரு பீப்பில் முடிவு, மைக் வேலை செய்யத் தேவையில்லை. ஆனால் 7, 3, 7, 3 என்று ஐந்து முறை தானாகச் சுற்ற அந்தப் பெட்டியில் எனக்கு வழி இல்லை. ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தவேண்டி இருந்தது.

அதனால் அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்காதீர்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் போனில் வைத்திருக்கும் இன்டர்வல் டைமர் போதும். அதில் வேலை நேரம் 3 நொடி, ஓய்வு 7 நொடி, சுற்று 5 என்று வைத்தால் ஒரு சீரிஸ் தயார். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். இன்னொரு வழியும் செய்திருக்கிறேன். உங்கள் குரலிலேயே "அட்டென்ஷன்" என்று சொல்லி, சரியாக 7 நொடி விட்டு ஒரு மணி, 3 நொடி விட்டு இன்னொரு மணி என ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் அல்லவா, அது வீட்டிலேயே கொஞ்சம் பழகிவிடும்.

இப்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பீப் வருவதற்குள் கிளிக் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் இலக்காக இருந்தது. தினமும் அறுபது எழுபது தடவை. மூன்றே வாரத்தில் எல்லாக் கிளிக்கும் நேரத்துக்குள் விழுந்தது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. அடுத்து வந்த மாநிலப் போட்டியில் ரேபிட் சுற்றுக் குண்டுகள் வரிசையாக இடது கீழே போய் எட்டிலும் ஏழிலும் உட்கார்ந்தன. ஒன்றுகூட நேரம் தாண்டவில்லை. நேரத்துக்குள் மோசமாகச் சுடுவதைத்தான் அவ்வளவு நாளும் பழகியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, டைமரை அணைத்துவிட்டு, கிளிக் வரும் அந்தக் கணத்தில் முன் சைட், அதாவது குழல் முனையில் இருக்கும் குறிமுள், என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தேன். டிரிக்கர் விடுபட்டுக் கிளிக் வரும்போது முன் சைட் இடது பக்கமாக ஒரு முடியளவு முங்கி எழுந்தது. பின் சைட்டின் வெட்டில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டிய வெளிச்சக் கோட்டில், இடப்பக்கக் கோடு அந்த ஒரு கணம் மெலிந்து மறைந்தது. முடிவு பீப்புக்குப் பயந்து விரலோடு சேர்த்து மொத்தக் கையையும் வெடுக்கென்று இறுக்கியிருக்கிறேன். நிஜக் குண்டின் உதைப்பில் இது தெரியாது. டிரை ஃபயரில் அப்பட்டமாகத் தெரியும். டிரை ஃபயர் செய்வதே இதைப் பார்க்கத்தான், நானோ கண்ணை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

என் கோச் சொன்னதைக் கேட்டு முறையை மாற்றினேன். வேலை நேரத்தை 5 நொடி ஆக்கினேன். ஓய்வையும் 12 நொடி ஆக்கினேன், ஏனென்றால் என் ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு கிளிக்குக்கும் லிவரைத் திறந்து மூட வேண்டும், 7 நொடியில் அதைச் செய்தால் பதற்றமாக அடுத்ததைத் தொடங்குவோம். பீப் வந்ததும் கையைத் தாமதிக்காமல் தூக்குவேன். தூக்கும்போதே டிரிக்கரின் முதல் கட்டத்தை, அதாவது லேசாக நகரும் தொடக்கப் பகுதியை, அழுத்தி முடித்துவிடுவேன். இலக்கின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் அடிப்பாகத்துக்கு வரும்போது கை வேகம் குறையும், நடுவுக்கு வரும்போது நிற்கும், அழுத்தம் மட்டும் நிற்காமல் தொடரும். கை தூக்குவதில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கடைசி அழுத்தத்துக்குப் போக வேண்டும். முன் சைட் அசையாமல் பத்தில் எட்டுக் கிளிக் வந்தால் அரை நொடி குறைப்பேன். 5 நொடியிலிருந்து 3 நொடிக்கு வர எனக்கு ஏழு வாரம் பிடித்தது. 3 நொடிக்குக் கீழே போகவே இல்லை. 2.5 நொடியில் பழகினால் போட்டியில் 3 நொடி தாராளமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போட்டியில் கையில் இருப்பது 3 நொடி, அந்த 3 நொடியின் நீளம்தான் உடம்பில் பதிய வேண்டும்.

ஏர் பிஸ்டலில் பழகும்போது டிரிக்கர் எடையையும், அதாவது அது விடுபடத் தேவையான அழுத்தத்தையும் கவனியுங்கள். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். 500 கிராமில் அழகாக வரும் கிளிக் ரேஞ்சில் வராது. உங்கள் பிஸ்டல் இடம் கொடுக்கும் வரை எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பீப்பில் இன்னொரு சிக்கல். ஒலிக்கு மனிதர் ஒளியைவிடச் சற்று வேகமாக அசைவார்கள், வித்தியாசம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எண்ணிக்கையில் அற்பம்தான். ஆனால் காதை நம்பிப் பழகியவள் ரேஞ்சில் பச்சை விளக்குக்காக நிற்கும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும், எனக்கு இருந்தது. பொறியியல் படிக்கும் அண்ணன் மகன் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் சிவப்பு, பச்சை எல்இடி இரண்டைப் பொருத்தி மாறி மாறி ஓடவிட்டுக் கொடுத்தான். அதை இலக்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். இப்போது பீப் கிடையாது. பச்சை அணைகிறது, அவ்வளவுதான். முடிவு பீப் போனதும் அந்த வெடுக் இழுப்பு பாதி குறைந்துவிட்டது. உங்களுக்கு இப்படிச் செய்துதர ஆள் இருந்தால் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுத்திரையும் நிறம் மாறும் இன்டர்வல் டைமர்கள் உண்டு, ஒலியை அணைத்து போனை இலக்கின் அருகில் வையுங்கள்.

இலக்கின் அளவும் முக்கியம். 25 மீட்டர் ரேபிட் இலக்கில் கறுப்பு 500 மில்லிமீட்டர், பத்து வளையம் 100 மில்லிமீட்டர். கண்ணிலிருந்து 2.5 மீட்டரில் மாட்டுவதாக இருந்தால் எல்லாம் பத்தில் ஒன்று, அதாவது கறுப்பு 50, பத்து வளையம் 10. பலரும் செய்யும் தவறு உயரத்தில். ரேஞ்சில் நடுப்புள்ளி 1.4 மீட்டர் உயரம் என்பதற்காக வீட்டிலும் 1.4 மீட்டரில் ஒட்டிவிடுவார்கள். என் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர். 25 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் என்றால், 2.5 மீட்டருக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான். அதனால் வீட்டில் கண் மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே ஒட்ட வேண்டும். கை நிற்கும் உயரம் தப்பாகப் பழகினால் டைமர் வைத்து என்ன பயன்?

நீங்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியும் சுடுவதாக இருந்தால் டைமரின் வேலை அங்கே நேர் எதிர். அங்கே அவசரம் இல்லை, அதிக நேரம் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வியாதி. கை தூக்கிக் கறுப்பில் நின்றதிலிருந்து 8 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிக்குக்கு முன் பீப் வந்தால் மறுபேச்சில்லாமல் கையை இறக்க வேண்டும். குண்டை விடாமல் இறக்குவதற்கு மனசு ஒப்பவே ஒப்பாது, அதனால்தான் வெளியிலிருந்து ஒரு கட்டளை தேவைப்படுகிறது. பாரிஸில் 10 மீட்டர் ஃபைனலில் தனிக் குண்டு ஒவ்வொன்றுக்கும் 50 நொடி இருந்தது. ஒருமுறை இறக்கிவிட்டு நிதானமாக மறுபடி தூக்க அது தாராளம்.

இப்போது என் வழக்கம் இதுதான். வாரத்தில் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 25 நிமிடம். முதல் பத்து நிமிடம் டைமரே கிடையாது, வெள்ளைச் சுவரைப் பார்த்து முன் சைட்டை மட்டும் கவனித்து டிரிக்கர். அப்புறம் விளக்கைப் போட்டு ஆறு சீரிஸ். முன் சைட் அசைந்த கிளிக்குகளை மட்டும் நோட்டில் எழுதுவேன். ஐந்தில் மூன்று அசைந்தால் அன்றைக்கு 4 நொடிக்குத் திரும்பிவிடுவேன், நாளைக்குப் போட்டியே இருந்தாலும் சரி.

கடைசிச் சீரிஸ் முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, விளக்கை அணைத்து, பிஸ்டலைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. போன் அடித்தாலும், யாராவது வந்தாலும் இதே வரிசைதான். பெட்டி பூட்டிய பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோன்றும். அன்றைக்கு மறுபடி திறக்காதீர்கள். பெல்லட் டப்பாவை மறுபடி வெளியே எடுத்த பிறகு வரும் அந்த ஒரு தடவைதான் ஆபத்தானது.