எங்கே போயிருந்தார் என்று முதலில் சொல்லுங்கள்

வாசகியின் கேள்வி: பகாங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு வயது 47. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து நாளாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. கிளினிக்கில் இரண்டு முறை டிங்கிப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு முறையும் இல்லை என்றே வந்தது. ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. கோலாலம்பூரில் படிக்கும் எங்கள் மகள், அங்கே பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டலத் தொற்றுநோய்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அப்பாவை நேரே அங்கே அழைத்து வாருங்கள் என்கிறாள். போகலாமா? ஆராய்ச்சிக்கென்று ரத்தம் கேட்டுக் கையெழுத்து வாங்கினால் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, "இன்றைக்கே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும்.

உங்கள் மகள் சொல்லும் மையம் உண்மையில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலத் தொற்றுநோய் ஆராய்ச்சி, கல்வி மையத்தைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். கொசு, உண்ணி, வௌவால் வழியாக வரும் கிருமிகளை ஆராய்வதில் பெயர் பெற்ற இடம் அது. டிங்கி ஆய்வில் அந்தப் பல்கலைக்கழகம் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் செயல்பட்டிருக்கிறது. ஆனால் நோயாளி நேரில் போய்ச் சீட்டு எடுத்து ரத்தம் கொடுக்கும் கிளினிக் அல்ல அது. காய்ச்சலோடு இருப்பவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றால், அங்கிருந்து மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். அதற்குள் அரை நாள் வீணாகியிருக்கும். உங்கள் கணவருக்கு இப்போது அந்த அரை நாள் முக்கியம்.

மருத்துவமனையிலும் "எல்லாச் சோதனையும்" என்று ஒன்று கிடையாது. எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று மருத்துவர் முடிவு செய்த பிறகே ஆய்வகம் தேட முடியும். அந்த முடிவுக்கு அவருக்கு இருக்கும் பெரிய துணை, நோயாளி கடந்த மூன்று நான்கு வாரங்களில் எங்கே போனார், எதைத் தொட்டார், எந்தத் தண்ணீரில் இறங்கினார் என்ற விவரம். உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பதினைந்து நாளுக்கு முன் நண்பர்களோடு காட்டு ஓடையில் மீன் பிடிக்கப் போய் இரண்டு இரவு தங்கினார் என்று. என் கண்ணுக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் முதல் வரி. கிளினிக்கில் இதைச் சொன்னீர்களா?

அந்த ஒரு வரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் மலேரியா ஆராய்ச்சிக் குழு கண்டதைச் சொல்கிறேன். சரவாக்கில் ரஜாங் ஆற்றோரம் காப்பிட் என்றொரு பகுதி. அங்கே மலேரியா வந்தவர்களின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள், "மலேரியே" என்ற வகை ஒட்டுண்ணி என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. சிவப்பணுவின் குறுக்கே பட்டை கட்டியது போன்ற அதே வடிவம். ஆனால் மலேரியே வகை மெதுவானது, ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கும். காப்பிட் நோயாளிகளோ, பெரும்பாலும் காட்டுக்குப் போய் வருகிற பெரியவர்கள், ஒட்டுண்ணி நிறைந்து, காய்ச்சலில் துவண்டு வந்தார்கள். பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் ஆகியோரின் குழு மரபணுச் சோதனை செய்தபோது, மலேரியே என்று ஒன்றுமே அகப்படவில்லை. இருந்தது "நோலெசி", குரங்குகளிடம் இருக்கும் மலேரியா. 2004இல் வெளியான அந்த ஆய்வில் 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு அதுதான்.

நீண்ட வால் குரங்கிடமிருந்து, காட்டோரக் கொசுவின் வழியாக, மனிதருக்கு வரும் இந்த மலேரியா இன்று மலேசியாவின் முதன்மையான மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய வகைகள் 2018 தொடங்கிச் சில ஆண்டுகள் உள்நாட்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நோலெசி மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. மற்ற மலேரியாக்கள் 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகினால், இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. ஒரு நாள் தாமதம் என்பது ஒரு சுற்றுப் பெருக்கம். அரை நாள் என்று நான் அழுத்திச் சொன்னதன் காரணம் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோலெசி வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே தட்டணுக்கள் குறையும். டிங்கியிலும் குறையும். அதனால்தான் காய்ச்சல், தட்டணுக் குறைவு என்றதும் டிங்கி என்றே மனம் போய்விடுகிறது. விரலில் குத்திப் பதினைந்து நிமிடத்தில் முடிவு சொல்லும் மலேரியாப் பட்டைகள் நோலெசியைப் பல நேரம் தவறவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முதல் தகட்டில் இல்லையென்றால் மறுநாளும் பார்க்க வேண்டும். "மலேரியாவுக்கு ரத்தத் தகடு பார்த்தாயிற்றா?" என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். காடு என்ற சொல் காதில் விழுந்தால் பெரும்பாலும் அவர்களே பார்த்துவிடுவார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகளில் நன்றாகக் குணமாகும் நோய் இது.

டிங்கியையும் இன்னும் கைவிட வேண்டாம். கிளினிக்கில் பார்க்கும் என்.எஸ்.1 சோதனை, டிங்கி வைரஸின் ஒரு புரதத்தை ரத்தத்தில் தேடுவது, முதல் நாட்களில்தான் நன்றாகப் பேசும். முன்பு ஒருமுறை டிங்கி வந்தவருக்கு அந்தப் புரதம் சீக்கிரமே ரத்தத்திலிருந்து மறைந்துவிடலாம். இல்லை என்று வந்த சீட்டை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு வந்தால் அது அபாய நேரம்.

அடுத்தது, நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒன்று. நல்ல வெளிச்சத்தில் அவர் உடம்பு முழுக்கப் பாருங்கள். தொடை இடுக்கு, அக்குள், இடுப்புப் பட்டை இறுகும் இடம், முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால். சிகரெட் சுட்டது போல, கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. அது உண்ணிக் காய்ச்சலின் முத்திரை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம். பல வருடங்களுக்கு முன் பால்மரம் சீவும் ஒரு மூதாட்டியை ஆறு நாள் காய்ச்சலோடு அழைத்து வந்தார்கள். எந்தச் சோதனையிலும் ஒன்றும் இல்லை. அவரைத் துடைத்து உடை மாற்றிவிட்ட தாதிதான் மார்பின் அடியில் அந்தக் கறுப்புப் பொருக்கைக் கண்டார். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கி இரண்டாம் நாள் பாட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அன்றிலிருந்து காய்ச்சல் நோயாளி யாரையும் சட்டையோடு பார்த்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

ஓடைத் தண்ணீரில் இறங்கியிருந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலையும் மருத்துவர் நினைப்பார். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த சொல் "நீரிழிவு". ஈர மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற நோய், நீரிழிவு உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது போல் பிடிக்கும். பகாங்குக்கு இது புதிதல்ல. 2010இல் மாரான் வட்டாரத்தில் லுபோக் யு என்ற ஓடைப் பகுதியில் நீரில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களில் சிலருக்கு இந்த நோய் வந்தது. அவர்களிலேயே சிலருக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் சேர்ந்து வந்தது. பலர் உயிரிழந்தார்கள். சாதாரணமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகள் பல இதற்குப் போதாது. முதலில் ரத்தக் குழாய் வழியாக உரிய மருந்து, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. கண்டுபிடிக்க, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் வேண்டும். அதை ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் நல்லது. ஆகவே வாசலிலேயே இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நீரிழிவு இருக்கிறது, காட்டு ஓடையில் மீன் பிடிக்கப் போனார். கிளினிக்கில் ஏற்கெனவே என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பதையும், உறையோடு.

ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் போன இடங்கள் தேதியோடு, தோட்டத்தில் என்ன வேலை, எலி, குரங்கு, பன்றி, நாய் எதன் அருகில் இருந்தார், கூடப் போன நண்பர்களில் வேறு யாருக்காவது காய்ச்சலா. அந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் மருத்துவர்களே பல நேரம் கேட்க மறந்துவிடுகிறோம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இந்த நாட்டில் நீப்பா என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையை எங்கள் தலைமுறை மறக்காது. 1998 கடைசியில் பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள், இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த ஆண்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுவா காவ் பிங், சுங்கை நீப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸை வளர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகே நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்து, பரவலை நிறுத்தினார்கள். மலேசியாவில் 105 பேர் இறந்திருந்தார்கள். அந்த ஒரு சிறு குப்பி நீர் இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்குமோ.

கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேளுங்கள். சிகிச்சைக்கு எடுத்த ரத்தத்தில் மீந்ததா, அல்லது தனியாக இன்னொரு குப்பியா? பெயருக்குப் பதில் எண் போட்டு வைப்பார்களா? முடிவு எங்களுக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்கப்படுமா? ஆராய்ச்சி முடிவுகள் பல வாரம் கழித்தே வரலாம். சில நேரம் தனி ஆளுக்குச் சொல்லப்படவே மாட்டா. ஆகவே அதை நம்பிச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. மறுத்தாலும், பிறகு விலகினாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பது விதி. படிவம் புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அவர் குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வரச் சொல்வார்கள். எங்கள் மக்கள் அதற்கு வருவதில்லை. காய்ச்சல் விட்டது, வேலைக்கு லீவு கிடைக்காது, எதற்கு இன்னொரு ஊசி என்று விட்டுவிடுகிறார்கள். உண்ணிக் காய்ச்சல், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் போன்றவற்றில் முதல் ரத்தத்தையும் இரண்டாவது ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் பல நேரம் இந்த நோய்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். முதல் குப்பி மட்டும் இருந்தால் பாதி வாக்கியம் எழுதி நிறுத்தியது போல. வீடு திரும்பும் நாளிலேயே அந்தத் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கங்காணியிடம் கொடுக்க மருத்துவமனைச் சீட்டும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.